புல்-அப், கர்ல் போட்டால் முன்கை வலி: ஜிம்மை நிறுத்துவதா, தொடர்வதா?

வேளச்சேரி வேலு
வணக்கம் மக்களே. ஜிம்மில் ஓரளவு பழகிய ஆள்தான், டெட்லிஃப்ட் (ராடைத் தரையிலிருந்து தூக்குவது) 110 கிலோ வரை வந்திருக்கிறது, பெஞ்ச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அதை விடுங்கள். கொஞ்ச நாளாக இடது முன்கையில் வலி. நேர் ராடில் பைசெப்ஸ் கர்ல் போட்டால் தூக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை, இறக்கும்போதுதான் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எலும்போடு ஒட்டி சுருக்கென்று இழுக்கிறது. புல்-அப்பில் கீழே தொங்கும் நேரத்தில் முழங்கையின் உள்பக்கக் குமிழ் வலிக்கிறது. ஓஎம்ஆர் டிராஃபிக்கில் பைக் கிளட்ச்சை அமுக்கி அமுக்கி விட்டு ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் கை கனத்துப் போய்விடுகிறது. நடுவில் ஜிம்முக்கு லீவு விட்டுப் பார்த்தேன், வலி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பிப் போன முதல் நாளே பழைய குருடி கதவைத் திறடி. இதே மாதிரி யாருக்காவது வந்திருக்கிறதா? முழு ஓய்வு எடுப்பதா, வலியோடு அடிப்பதா?

ராடு மாஸ்டர்
நேர் ராடைத் தூக்கி ஓரமாக வை தம்பி. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு கண்ணாடியில் பார், முன்கை நேர்கோட்டில் இருக்காது, முழங்கையிலிருந்து கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கும். நேர் ராடைப் பிடித்து உள்ளங்கையை முழுசாக மேலே பார்க்க வைத்தால் அந்தச் சாய்வுக்கு இடமே இல்லை, மணிக்கட்டும் முன்கையும்தான் முறுக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். வளைவு வளைவாக இருக்கிற இசட் ராடுக்கு மாறு, இல்லையென்றால் டம்பெல்லில் ஹேமர் கர்ல், அதாவது உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கப் பிடித்து. என் ஜிம்மில் இந்தப் புகாரோடு வருகிற பையன்களில் பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். வார்ம்-அப் இல்லாமல் நேராக வொர்க்கிங் செட்டுக்குப் போகிற பழக்கம் இருந்தால் அதையும் விடு.

மஞ்சப்பை
இது நரம்பு பிசகியதுதான் ப்ரோ. எங்கள் ஊரில் ஒரு பாட்டி நல்லெண்ணெய் போட்டு நீவி சுளுக்கு எடுப்பார், ஒரே நாளில் விட்டுவிடும். அதிலும் கேட்கவில்லை என்றால் புத்தூர் கட்டு.

தோசைக்கல்
மஞ்சப்பை, எலும்பு முறியாதவருக்கு எதற்கப்பா கட்டு 😀

கோவை பிசியோ
வேலு, இந்த வேலையில் இருக்கிறேன், தினமும் இதே வலியோடு நாலைந்து பேரைப் பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முன்கை வலி என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எங்கே வலிக்கிறது என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லித்தான் நான் ஆரம்பிப்பேன், பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

முழங்கையின் உள்பக்கக் குமிழில் விரல் போனால் அது கோல்ஃபர்ஸ் எல்போ வகை. விரல்களை மடக்கும் தசைகள், மணிக்கட்டை உள்நோக்கி மடக்கும் தசைகள் எல்லாம் சேர்ந்து தசைநாணாக அந்தக் குமிழில்தான் ஒட்டுகின்றன, புல்-அப், ரோ, கர்ல் எல்லாம் பிடித்து இழுக்கிற இடம் அது. வெளிப்பக்கக் குமிழில் விரல் போனால் டென்னிஸ் எல்போ. அதைப் பார்க்க எளிய வழி இருக்கிறது: கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள், இல்லையென்றால் நீட்டிய நடுவிரலை இன்னொருவர் கீழே அமுக்க நீங்கள் எதிர்த்துப் பிடியுங்கள். வெளிப்பக்கம் சுள்ளென்றால் அதுதான். டென்னிஸ் மட்டையைக் கையில் தொடாதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, துணி பிழிகிறவர்கள், மாவு பிசைகிறவர்கள், மவுஸ் பிடிக்கிறவர்கள்.

நீங்கள் சொல்கிற இன்னொரு வலி, கர்லில் ராடை இறக்கும்போது எலும்போடு ஒட்டி வருவது, ஜிம்மில் ஃபோர்ஆர்ம் ஸ்பிளிண்ட்ஸ் என்பார்கள். இறக்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் இழுவை அங்கே கூடுகிறது. பெரும்பாலும் பளுவைக் குறைத்து பிடியை மாற்றினால் அடங்கிவிடும். ஆனால் எலும்பில் ஒரே ஒரு புள்ளியில் தட்டினால் உயிர் போகிறது, ராத்திரி தூக்கத்திலும் வலிக்கிறது என்றால் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்விரிசல் இருந்தால் முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம்.

கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே, கையை மடக்கி நீட்டும்போது கறகறவென்று உரசுவது தெரிந்தால் அது வேறு கதை. அங்கே இரண்டு செட் தசைநாண்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே ஓடுகின்றன, துடுப்பு போடுகிறவர்களுக்கும் பளு தூக்குகிறவர்களுக்கும் அந்த இடம் வீங்கும். அதற்குச் சில வாரம் ஓய்வும் கட்டைவிரலோடு சேர்த்து அசையாமல் பிடிக்கிற பட்டையும் (ஸ்பிளிண்ட்)தான் முதல் வைத்தியம்.

மஞ்சப்பை சொன்ன நீவல் பற்றி: தசைமேல் எண்ணெய் போட்டு இதமாகத் தேய்ப்பதில் தப்பில்லை, சில மணி நேரம் சுகமாக இருக்கும். குமிழ்மேலேயே கட்டைவிரலால் அழுத்தி நெரிப்பதை விட்டுவிடுங்கள். கட்டுப் போட்டு அசையாமல் வைப்பதும் தசைநாணுக்கு நல்லதல்ல, வேலை இல்லாத தசைநாண் பலம் இழக்கும். உங்கள் லீவு பலிக்காததற்குக் காரணமும் அதுதான் வேலு. வலி அடங்கியது, பலம் ஏறவில்லை, நீங்கள் நேராகப் பழைய எடைக்கே போய் நின்றீர்கள்.

ராடு மாஸ்டர்
நானும் அதைத்தானே சொன்னேன், இசட் ராடு.

ஈரோடு அக்கா
வேலு தம்பி, ஒன்று கேட்கிறேன், ஸ்குவாட் (ராடை முதுகில் சுமந்து உட்கார்ந்து எழுவது) எப்படிப் போடுகிறாய்? ராடு கீழே உட்காருகிற லோ பாரா, கழுத்தடியில் உட்காருகிற ஹை பாரா? எல்லோரும் கர்லையும் புல்-அப்பையுமே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்கு உள்பக்க முழங்கை வலி வந்தபோது முதுகு நாள் முழுவதையும் மாற்றிப் பார்த்தும் ஒரு முன்னேற்றமும் இல்லை. கடைசியில் பார்த்தால் ஸ்குவாட். லோ பாரில் ராடு தோள்பட்டைக்குக் கீழே உட்காருகிறது, தோள் இறுக்கமாக இருக்கிறவர்களுக்குக் கை அவ்வளவு பின்னால் போகாது, அப்போது முழங்கையை மேலே தூக்கி மணிக்கட்டைப் பின்னால் வளைத்து ராடைக் கையால் தாங்க ஆரம்பித்துவிடுவோம். முதுகு சுமக்க வேண்டிய எடையில் ஒரு பங்கு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் வந்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படிச் செய்துவிட்டு கர்லைக் குறை சொன்னால் எப்படி?

வேளச்சேரி வேலு
அக்கா!!! யூடியூப் பார்த்து லோ பாருக்கு மாறி கொஞ்ச காலம்தான் ஆகிறது. இப்போது யோசித்தால் ஸ்குவாட் முடிந்து ராடைத் திரும்ப ரேக்கில் வைக்கும் நேரத்தில்தான் முழங்கை பிடித்துக்கொள்ளும். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஈரோடு அக்கா
கொஞ்ச நாள் ஹை பாருக்குப் போ. லோ பார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கையை இன்னும் அகலமாக வை, கட்டைவிரலை ராடுக்கு மேலேயே போடு, மணிக்கட்டு நேராக நிற்க வேண்டும். செட்டுக்கு முன்னால் கதவு நிலையில் கையை வைத்து நெஞ்சைத் திறக்கிற ஸ்ட்ரெச் ஒன்றிரண்டு போதும். பக்கத்து ஜிம்மில் முன்னால் கைப்பிடி வைத்த சேஃப்டி ஸ்குவாட் பார் இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம், நம் ஊரில் பாதி ஜிம்மில் அதைக் கண்ணில் பார்க்க முடியாது.

கோவை பிசியோ
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. அதோடு ஜிம்முக்கு வெளியே உள்ள பிடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடது கைக்கு கிளட்ச், வலது கைக்கு ஆக்சிலரேட்டரும் மவுஸும், ராத்திரி படுத்துக்கொண்டு போன். தசைநாணுக்கு இது ஜிம், இது ஆபீஸ் என்ற பாகுபாடு கிடையாது, எல்லாம் ஒரே கணக்கில் ஏறும். கிளட்ச் கேபிள் இறுக்கமாக இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்து எண்ணெய் விட்டு சரிசெய்யுங்கள், கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பைக்கில் வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன்.

வேளச்சேரி வேலு
சரி பிசியோ, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று பளிச்சென்று சொல்லுங்களேன். எத்தனை கிலோ, எத்தனை செட்?

கோவை பிசியோ
கையைப் பார்க்காமல் சொல்வதால் இதைப் பொதுவான வழியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வலி கிளம்புகிற அசைவுகளைப் பாதியாகக் குறையுங்கள், மொத்தமாக நிறுத்த வேண்டாம். பத்துக்கு மூன்று வரை வலி வந்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். மறுநாளும் தூக்கலாக இருந்தால் முந்தைய நாள் கூடுதலாகப் போய்விட்டது என்று அர்த்தம்.

வலி உறைப்பாக இருக்கிற முதல் வாரங்களில் எடையை அசையாமல் பிடித்திருக்கிற பயிற்சி நல்லது. முன்கையை மேசைமேல் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை நேராக வைத்து அப்படியே 30 முதல் 45 வினாடி. நாலைந்து முறை, இடையில் ஒரு நிமிட ஓய்வு. அது சுலபமானதும் அதே இடத்தில் 2 அல்லது 3 கிலோ டம்பெல்லை மற்றக் கையின் உதவியோடு மேலே ஏற்றி, அந்தக் கையால் மட்டும் மூன்று நான்கு வினாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். 15 வீதம் மூன்று செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். 110 கிலோ தூக்குகிறவனுக்கு 2 கிலோவா என்று ஜிம்மில் சிரிப்பார்கள், வீட்டிலேயே செய்யுங்கள். டென்னிஸ் எல்போ உள்ளவர்கள் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இதையே செய்யலாம். டம்பெல் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஏற்ற வேண்டும், இது முக்கியம், பலர் 2 கிலோவிலேயே நின்றுவிட்டு பலனில்லை என்பார்கள்.

தசைநாண் அவசரப்படாது. 6 முதல் 12 வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்கு அதற்கும் மேல்.

ராடு மாஸ்டர்
பன்னிரண்டு வாரம் தண்ணீர் பாட்டில் தூக்கினால் முதுகு காணாமல் போய்விடும்.

கோவை பிசியோ
முதுகை யார் விடச் சொன்னது மாஸ்டர்? ரோ, புல்டவுன், டெட்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஸ்ட்ராப் (மணிக்கட்டில் மாட்டி ராடில் சுற்றுகிற பட்டை) போட்டு அடிக்கட்டும். பிடியின் சுமை குறையும், முதுகுக்கு வேலை கிடைக்கும். கால் நாள் வழக்கம்போல.

ராடு மாஸ்டர்
ஸ்ட்ராப் போட்டுப் பழகியவனுக்கு கிரிப் வளரவே வளராது. நாங்கள் எல்லாம் துணிகூட இல்லாமல் தூக்கிய ஆட்கள்.

ஈரோடு அக்கா
மாஸ்டர், வலி இருக்கும்வரை என்றுதானே சொல்கிறார், ஆயுசுக்குமா போடச் சொன்னார்? கிரிப் வளர வேண்டிய கைக்கு முதலில் வலி போக வேண்டும். எனக்கு ஸ்ட்ராப் இல்லாமல் அந்த நேரத்தை ஓட்டியிருக்கவே முடியாது.

ராடு மாஸ்டர்
சரி சரி, வலி தீரும்வரை போட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பதிலாக மிக்ஸ்டு கிரிப் என்று மட்டும் யாரும் போய்விடாதீர்கள். ஒரு உள்ளங்கை முன்னாலும் மற்றது நம்மையும் பார்க்கப் பிடிக்கிறோமே, அதில் முன்னால் பார்க்கிற கையை மடக்கிக்கொண்டு ராடை வெடுக்கென்று இழுத்தால் முழங்கை மடிப்பில் பைசெப்ஸ் தசைநாணே அறுந்துவிடும். போட்டியில் ஒருவருக்கு ஆனதை நேரில் பார்த்திருக்கிறேன், துணி கிழிகிற சத்தம் மாதிரி கேட்டது, தசை தோள் பக்கமாகச் சுருண்டு ஏறிவிட்டது.

கோவை பிசியோ
அதைச் சொன்னதற்கு நன்றி மாஸ்டர். டப்பென்று சத்தம், முழங்கை மடிப்பில் கன்றிப்போய் நீலம், உள்ளங்கையை மேலே திருப்ப பலம் இல்லை. இப்படி இருந்தால் ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது, அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். தைப்பதாக இருந்தால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் தைப்பது சுலபம், தள்ளிப்போட்டால் தசைநாண் சுருங்கிவிடும். இன்னொன்று, ரொம்ப நாள் கழித்து ஜிம்முக்குப் போய் ஒரே நாளில் கைக்கு அளவுக்கு மீறி அடித்துவிட்டு, மறுநாள் கை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது சாதாரணத் தசைவலி இல்லை. தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தோசைக்கல்
சச்சினுக்கே வந்த வியாதிதானே இது. 2004ல் டென்னிஸ் எல்போ, 2005ல் லண்டனில் ஆபரேஷன், அந்த அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 அடித்துத் திரும்பி வந்தார். அவர் பேட் கனமான பேட் என்பது ஊருக்கே தெரியும். அப்படியானால் வேலுவும் ஆபரேஷன் செய்துவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடாதா?

கோவை பிசியோ
மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தும் அடங்காத சிலருக்குத்தான் ஆபரேஷன். பெரும்பாலானவர்களுக்குக் கத்தியே தேவைப்படாது.

மஞ்சப்பை
சரி, பாட்டி வேண்டாம் என்றால் ஊசி? என் மச்சானுக்கு முழங்கையில் ஒரு ஊசி போட்டார்கள், மூன்றாம் நாள் வலி மாயம்.

கோவை பிசியோ
மாயம்தான், சந்தேகமில்லை, ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். அதற்கப்புறம் என்ன ஆகிறது என்பதை ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் 165 டென்னிஸ் எல்போ நோயாளிகளை வைத்து ஓராண்டு பார்த்தார்கள், 2013ல் வெளிவந்த ஆய்வு. ஸ்டீராய்டு போட்டவர்களில் 54% பேருக்கு வலி திரும்பி வந்தது. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 12% பேருக்குத்தான் திரும்பியது. ஓராண்டு முடிவில் நன்கு குணமானவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 83%, போலி ஊசி பக்கம் 96%. வலி போனதும் ஆள் பழைய எடைக்கு ஓடிவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியோ, அடுத்த வாரம் போட்டி இருக்கிறது என்பதற்காக ஊசி கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவேன், முடிவு அவர்களுடையது.

மருந்துக்கடை
எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை எடுத்தவர்கள் கொஞ்ச காலம் கனமாகத் தூக்காதீர்கள். அந்த வகை மருந்து தசைநாணைப் பாதிக்கலாம் என்று 2008லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. குதிகால் நாண்தான் முதலில் மாட்டும், மற்ற இடங்களிலும் வரலாம். நம் ஊரில் சீட்டே இல்லாமல் வந்து இதைக் கேட்கிறார்கள், தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். வலி மாத்திரையும் அப்படித்தான், ஜிம்முக்கு முன்னால் ஒன்று போட்டுக்கொண்டு போவது மகா தப்பு, வயிறும் கெடும், வலி சொல்ல வருவதும் காதில் விழாது. மேலே தடவுகிற ஜெல் எவ்வளவோ மேல்.

பாதாமி பாறை
பெங்களூரில் இருந்து வார இறுதியில் பாதாமி போய்ப் பாறை ஏறுகிற கும்பல் நாங்கள், எங்கள் கூட்டத்தில் உள்பக்க முழங்கை வலி இல்லாதவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். எனக்கு கைகொடுத்தது துண்டு முறுக்குவது. கடையில் இதற்கென்று முறுக்குகிற ரப்பர் தடி விற்கிறார்கள், வாங்க மனசில்லை என்றால் தடித்த டர்க்கித் துண்டைச் சுருட்டி இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் முறுக்கி, வலிக்கிற கையால் மெதுவாக விட்டுக்கொடுத்து அவிழ்க்க வேண்டும். அப்புறம் விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டி விரித்து மூடுவது. மூடுகிற வேலையை மட்டுமே கை செய்கிறது, விரிக்கிற பக்கத்தைக் கவனிக்க ஆளே இல்லை.

கர்லாகட்டை
தம்பிகளா, கர்லாகட்டை சுற்றினால் இந்த வலி எட்டிப் பார்க்காது. எங்கள் காலத்தில் தண்டால், பஸ்கி, கர்லா, அவ்வளவுதான். எவனுக்கும் முழங்கை வலி கிடையாது.

கோவை பிசியோ
ஐயா, எனக்கும் கர்லா பிடிக்கும், தோளுக்கு அருமையான பயிற்சி. ஆனால் கட்டை கீழே வந்து திரும்புகிற இடத்தில் வேகம் முழுவதையும் மணிக்கட்டுதான் பிடித்து நிறுத்த வேண்டும். வலி இருக்கிற கைக்கு அது தாங்காது. வேலு மெதுவாக இறக்குகிற பயிற்சியில் வலியில்லாமல் நல்ல எடைக்கு வந்தபிறகு, இரண்டு கிலோ கட்டையில் ஆரம்பிக்கலாம்.

கர்லாகட்டை
இரண்டு கிலோ கட்டையெல்லாம் குழந்தைகளுக்குச் செதுக்குவது. சரி, வலிக்கிற கை, நீ சொல்கிறபடி ஆகட்டும்.

வேளச்சேரி வேலு
மக்களே, ஒரு அப்டேட். ஸ்குவாட்டை ஹை பாருக்கு மாற்றிவிட்டேன், ரோவுக்கு ஸ்ட்ராப் (மாஸ்டர் மன்னிக்கவும்), கர்ல் டம்பெல்லில் மட்டும், தினமும் மேசை ஓரத்தில் பிடித்து நிற்கிற பயிற்சி. எலும்போடு ஒட்டி வந்த இழுப்பு ஏறக்குறைய போய்விட்டது. குமிழ் வலி இன்னும் இருக்கிறது, ஆனால் கிளட்ச் பிடிக்க முடிகிறது. புல்-அப் எப்போது திரும்பத் தொடங்கலாம்?

கோவை பிசியோ
நல்லது. முதலில் கால் தரையில் பட, பாதி உடல் எடையோடு ராடில் தொங்கிப் பாருங்கள், மறுநாள் காலை சேதி நன்றாக இருந்தால் ரப்பர் பேண்டு போட்டு உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற பிடியில் சில ரெப். உள்ளங்கை உங்களைப் பார்க்கிற சின்-அப் எல்லாவற்றுக்கும் கடைசி, அது குமிழுக்குக் கடுமை. எப்போதும் கையை முழுக்க நீட்டிக்கொண்டு பொத்தென்று விழாதீர்கள், கட்டுப்பாட்டோடு இறங்குங்கள்.

நைட் ஷிஃப்ட்
இழைக்கு நடுவில் மூக்கை நுழைக்கிறேன். எனக்கு முன்கை வலி கம்மிதான், ஆனால் டிரைசெப்ஸ் நாளுக்கு அப்புறம் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகிறது, தூங்கி எழுந்தாலும் அப்படியே. இதற்கும் அந்த டம்பெல் பயிற்சிதானா?

கோவை பிசியோ
இல்லை, உங்களுக்கு அது வேண்டாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் முழங்கையின் உள்பக்கம் பின்னால் ஓடுகிற அல்னர் நரம்பு நெருக்கப்படுகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும், மேசை முனையில் இடித்தால் சுர்ரென்று கரண்ட் ஓடுமே, அதே நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டில் நெருக்கம். கையை மடக்கியே தூங்குகிறீர்களா? மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஷிஃப்ட் முழுக்க உட்காருகிறீர்களா? முழங்கையை ரொம்ப மடக்கிச் செய்கிற ஸ்கல் கிரஷரையும் தலைக்குப் பின்னால் இறக்குகிற எக்ஸ்டென்ஷனையும் நிறுத்துங்கள், ராத்திரி முழங்கையில் ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு தூங்குங்கள், கை மடங்காமல் இருக்கும். பொத்தான் போடத் தடுமாறினாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் உள்ள சதை வற்றியிருந்தாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் இந்த வாரமே எலும்பு அல்லது நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நரம்பு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று ஒரு சோதனை எழுதிக்கொடுப்பார்கள், அதைச் செய்துகொண்டு வந்து சொல்லுங்கள்.

நைட் ஷிஃப்ட்
பொத்தான் போட முடிகிறது. ஆனால் நீங்கள் சொன்னபிறகு பார்த்தால் சேரின் கைப்பிடிமேல்தான் எந்நேரமும் முழங்கை ஊன்றியிருக்கிறது. வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன்.